கைராசியும் ஒரு சிவப்பு வட்டமும்

வெரோனிகாவின் இரண்டு முழங்காலும் தேய்ந்து ஆறு வருஷம் ஆகிறது. சாந்தோமிலிருந்து தி.நகர் வரும் பஸ்ஸில் உட்கார இடம் கிடைத்தால் அன்றைக்கு அவளுக்கு நல்ல நாள். கிடைக்காவிட்டால் பனகல் பார்க்கில் இறங்கி, ஸ்டாப் கம்பியைப் பிடித்தபடி இரண்டு நிமிஷம் நின்றுவிட்டுத்தான் காலை எடுத்து வைப்பாள். நிற்கிற வேலை மட்டும் வேண்டாம், உட்கார்ந்தே வேலை செய்தால் இதே காலோடு ஓட்டிவிடலாம் என்று எலும்பு டாக்டர் சொல்லியிருந்தார்.

அதனால் அவளுக்குச் சொத்து என்று எதையாவது சொல்ல வேண்டுமானால் ஒரு நாற்காலியைத்தான் சொல்ல வேண்டும். உஸ்மான் ரோட்டுப் பக்கம் நாலு மாடிப் பாத்திரக் கடை ஒன்று. அதில் நாலாவது மாடி அக்கவுன்ட்ஸ் அறை. அங்கே ஜன்னலை ஒட்டிப் போட்டிருந்த கை வைத்த நாற்காலி அது. வயது ஐம்பத்து நாலு. இன்னும் நாலு வருஷம் அந்த நாற்காலி அவளுக்கு இருந்தால் போதும்.

அதில் உட்கார்ந்து அவள் செய்த வேலை ஒரு பட்டனை அமுக்குவது.

கடைக்குக் குக்கர், தவா, கிரைண்டர், குத்துவிளக்கு என்று ஊர் ஊராகச் சரக்கு வரும். வந்த சரக்கைக் குடோனில் எண்ணுவார்கள். பில் மேலே வரும். ஆர்டர் போட்டது இதுதானா, வந்து சேர்ந்தது இவ்வளவுதானா, பில்லில் இருப்பதும் அதேதானா என்று அக்கவுன்ட்ஸ் மேனேஜர் சுப்பராமன் மூன்றையும் ஒத்துப் பார்ப்பார். மயிலாப்பூர்க்காரர். ஒரு ஸ்பூன் குறைந்தாலும் விடமாட்டார். அவர் சரி என்ற பிறகு பில் வெரோனிகாவின் ஸ்கிரீனுக்கு வரும். அவள் 'ரிலீஸ்' என்று இருக்கும் இடத்தில் அமுக்கினால் பணம் பேங்க்கிலிருந்து கம்பெனிக்குப் போகும். அவள் சரிபார்க்க வேண்டியது எதுவும் இல்லை. எல்லாம் சரிபார்த்துத்தான் அவளிடமே வரும்.

பின்னே அதற்கு எதற்கு ஒரு ஆள் என்றால், முதலாளி ஜவஹர் அண்ணாச்சிக்குத்தான் தெரியும்.

இருபது வருஷத்துக்கு முன்பு, செக் எழுதித் தரும் காலத்தில், தீபாவளிக்குப் பதினைந்து நாள் இருக்கும்போது செக் எழுதுகிற குமாஸ்தாவுக்கு அம்மை போட்டுவிட்டது. அப்போது கீழே பில் போட்டுக்கொண்டிருந்த வெரோனிகாவின் கையெழுத்து முத்து முத்தாக இருக்கும். அண்ணாச்சி அவளைக் கூப்பிட்டு, கோயம்புத்தூர் கிரைண்டர் கம்பெனிக்கு ஒரு செக் எழுதச் சொன்னார். எழுதினாள். அந்த லோடு ஒன்பதே நாளில் விற்றுத் தீர்ந்தது. அடுத்து கும்பகோணத்து விளக்குக்காரருக்கு ஒன்று எழுதினாள். அதுவும் போன இடம் தெரியவில்லை. அவ்வளவுதான். "ஏம்மா, உனக்குக் கைராசி இருக்கு. இனிமே நீதான் எழுதுத" என்று அண்ணாச்சி அவளை நாலாவது மாடிக்கு ஏற்றிவிட்டார். மேஜையில் திருச்செந்தூர் முருகன் படம், விரலில் பவளம், சட்டைப்பையில் பஞ்சாங்கம் என்று இருக்கிற மனிதர். சிலுவைச் செயின் போட்ட பெண்பிள்ளையின் கையில் ராசி இருக்கிறது என்று நம்புவதில் அவருக்கு ஒரு சிரமமும் இருக்கவில்லை.

செக் போய் கம்ப்யூட்டர் வந்தது. கைராசி மட்டும் போகவில்லை. பேனா பிடித்த கை மவுஸ் பிடித்தது.

அதுவும் நினைத்தபோது அமுக்க முடியாது. ராகு காலம் கூடாது, எமகண்டம் கூடாது. அஷ்டமி நவமி சுத்தமாகக் கிடையாது. வெள்ளிக்கிழமை லட்சுமி வாசல் தாண்டக் கூடாது. இதெல்லாம் போக மிச்சம் இருக்கிற நேரத்தில் அண்ணாச்சி தன் ரூமிலிருந்து இன்டர்காமில் கூப்பிடுவார். "இப்ப அமுக்கு." அமுக்குவாள். அதுவரை பில் அவளுடைய பெயரில், அவளுடைய ஸ்கிரீனில், உலையில் போடாத அரிசி மாதிரி அப்படியே கிடக்கும்.

வெரோனிகாவுக்கும் அது பிடித்திருந்தது. இல்லை என்று சொன்னால் பொய். சேல்ஸ் பெண்கள் சீட்டுப் பணத்தின் முதல் தவணையை அவள் கையில் கொடுத்து வாங்கிக்கொண்டு போவார்கள். தீபாவளிக்கு எல்லாருக்கும் அரைக் கிலோ ஸ்வீட் என்றால் அவளுக்கு ஒரு கிலோ. மகள் பிரிஸில்லா நர்சிங் காலேஜில் சேரும்போது பீஸில் பாதியை அண்ணாச்சிதான் கட்டினார். வீட்டில் புருஷன் லூயிஸ் ஸ்கூல் ஆபீஸில் ரிட்டயர் ஆனவர். "இந்தக் கை பட்டா குக்கர் விக்குது, நம்ம ஊட்ல மட்டும் இன்னாத்துக்கு விசிலே வர மாட்டேங்குது?" என்பார். "கேஸ்கட் மாத்தி மூணு வருஷம் ஆவுது, அதான்" என்பாள் அவள்.

போன மாசியில் வெரோனிகாவின் அம்மா இறந்துபோனாள். அடக்கம் முடிந்து, நாலு நாள் லீவு முடித்து, ஐந்தாம் நாள் காலையில் வேலைக்கு வந்து உட்கார்ந்தாள். முப்பத்தொரு பில் காத்திருந்தது. இன்டர்காம் அடித்தது.

"வந்துட்டியாம்மா. அம்மா நல்ல சாவுதான், வருத்தப்படாத. ஒண்ணு சொல்லுதேன் கேளு. துக்கம் நடந்த வீட்டுக் கை. பதினாறு கழியட்டும். அதுவரைக்கும் எதையும் அமுக்காத."

"எங்களுக்கு அதெல்லாம் கிடையாது அண்ணாச்சி."

"உங்களுக்கு இல்லைன்னா என்ன, கடைக்கு இருக்குல்லா."

"அப்போ சுப்பராமன் சார அமுக்கச் சொல்லட்டுமா?"

"அவர் கைய பத்தி எனக்குத் தெரியாதா. சும்மா இரி."

சும்மா இருந்தாள். காலை ஒன்பது மணிக்கு வந்து, சாயங்காலம் ஆறரை வரை மடியில் கையை வைத்துக்கொண்டு பன்னிரண்டு நாள். கம்பெனிக்காரர்கள் சுப்பராமனை போனில் பிடுங்கி எடுத்தார்கள். குக்கர் கம்பெனி பொறுத்துப் பார்த்துவிட்டு அடுத்த லோடை நிறுத்தியது. கல்யாண சீசன். சீர் வாங்க வந்தவர்கள் அந்தக் குக்கர் இல்லை என்றதும் எதிர்க்கடைக்குப் போனார்கள். அம்மா போன துக்கத்தைவிட, இருபது வருஷமாக ராசியாக இருந்த கை ஒரே நாளில் ஆகாத கையாகிவிட்டதே என்பதுதான் அவளை அரித்தது. அதை யாரிடம் போய்ச் சொல்வது. பதினேழாம் நாள் இன்டர்காம் அடித்தது. "இப்ப அமுக்கு." அமுக்கினாள்.

அண்ணாச்சியின் மகன் ராம்குமார் வெளியூரில் எம்.பி.ஏ. முடித்துக் கடைக்கு வந்தது சித்திரையில். சின்ன வயதில் யூனிபார்மோடு நாலாவது மாடிக்கு வந்து, "ஆன்ட்டி, சிப்ஸ் இருக்கா?" என்று அவளுடைய டிராயரைத் திறக்கிற பையன். இப்போது "வெரோனிகா மேடம்" என்றான்.

வாங்குவதிலும் பணம் கொடுப்பதிலும் எங்கே இழுக்கிறது என்று கண்டுபிடிக்க அவன் தரமணியிலிருந்து ஒரு கம்பெனியை அழைத்துவந்தான். அதற்குப் பெயர் ப்ராசஸ் மைனிங் என்றார்கள். "சுரங்கம் வெட்டப் போறாளாம். நம்மாத்து மாடியில என்ன தங்கமா கெடக்கு?" என்றார் சுப்பராமன். வந்தவள் ஷண்முகப்ரியா என்ற பெண். முப்பது வயதுக்குள் இருக்கும். மரியாதையான பெண். கம்ப்யூட்டரில் ஒவ்வொரு பில்லையும் யார், எந்தத் தேதி, எத்தனை மணிக்குத் தொட்டார்கள் என்று தானாகவே பதிந்திருக்குமாம். மூன்று வருஷத்துப் பதிவை மொத்தமாக எடுத்துக்கொண்டு போனாள். மூன்று வாரம் வேலை செய்தாள். அந்த மூன்று வாரத்தில் யாரையும் ஒரு வார்த்தை கேட்கவில்லை. கேட்க வேண்டியதே இல்லையாம், அதுதான் அந்த முறையின் சிறப்பாம்.

ஒரு வியாழக்கிழமை, மதிய சாப்பாட்டுக்கு முன்னால், எல்லாரையும் அண்ணாச்சி ரூமில் உட்காரவைத்துச் சுவரில் இருந்த டி.வி.யில் காட்டினாள். சிக்குக்கோலம் மாதிரி இருந்தது. புள்ளி புள்ளியாக வட்டங்கள், நடுவில் வளைந்து வளைந்து கோடுகள். ஆர்டர் ஒரு வட்டம், சரக்கு ஒரு வட்டம், பில் ஒரு வட்டம்.

"கோடு எவ்வளவு தடிமனோ அவ்வளவு பில் அந்த வழியா போயிருக்கு. வட்டம் எவ்வளவு பெருசோ அவ்வளவு நேரம் அங்க நின்னுருக்கு" என்றாள் ஷண்முகப்ரியா.

முதலில் ஆர்டர் விஷயம் வந்தது. பத்தில் ஆறு ஆர்டர், சரக்கு வந்த பிறகுதான் கம்ப்யூட்டரில் ஏறியிருக்கிறது. அண்ணாச்சி கோயில் வாசலில் நின்று போனிலேயே லோடு சொல்லிவிடுவார், பிறகு சுப்பராமன் ஏற்றுவார், அதுதான் வழக்கம். சுப்பராமன் தொண்டையைச் செருமிக்கொண்டு, "ட்ரெய்னிங் குடுத்தா சரியாயிடும்" என்றார். யாருக்கு ட்ரெய்னிங் என்று சொல்லவில்லை. கெட்டிக்காரர்.

பிறகு அந்தப் பெண் படத்தைப் பெரிதாக்கினாள். கோலத்தின் கடைசியில், பேங்க்குக்கு முன்னால், மற்ற எல்லா வட்டத்தையும்விடப் பெரிதாக, ரத்தச் சிவப்பில் ஒரு வட்டம் இருந்தது. அதன் கீழே வெரோனிகாவின் பெயர்.

"மத்த எல்லா இடத்துலயும் சராசரி அரை நாள், ஒரு நாள். இங்க மட்டும் ஆறு நாள். சீக்கிரம் பே பண்ணா கெடைக்கிற டிஸ்கவுன்ட்ல முக்கால்வாசி போறது இந்த ஒரு ஸ்டெப்பாலதான் சார்."

ராம்குமார் திரும்பிப் பார்த்தான். கோபம் இல்லை. கோபப்பட்டிருந்தால்கூடத் தேவலை.

"மேடம், தப்பா எடுத்துக்காதீங்க" என்றாள் ஷண்முகப்ரியா. "இந்த ஸ்டெப்ல நீங்க எதை செக் பண்றீங்க?"

வெரோனிகா அண்ணாச்சியைப் பார்த்தாள். அவர் டி.வி.யைப் பார்த்துக்கொண்டிருந்தார்.

"செக்குன்னு ஒண்ணும் இல்லம்மா. வந்தா அமுக்குவேன்."

"அப்போ வந்த உடனே அமுக்கலாமே?"

"அது... நேரம் பாத்துதான்."

"பிஸியா இருப்பீங்களா?"

கேட்டவளைத் தவிர அந்த மேஜையில் இருந்த எல்லாருக்கும் அவள் பிஸியாக இல்லை என்பது தெரியும். ஷண்முகப்ரியா அடுத்த படத்துக்குப் போனாள்.

"பிப்ரவரில மட்டும் ஒரு பெரிய கேப் இருக்கு சார். தொடர்ந்து பதினாறு நாள் ஒரு பில்கூட ரிலீஸ் ஆகல. அப்போதான் குக்கர் சப்ளை நின்னுது. என்ன ஆச்சு மேடம்?"

"எங்கம்மா செத்துட்டாங்க" என்றாள் வெரோனிகா.

அந்தப் பெண்ணின் முகம் நிஜமாகவே வாடியது. "சாரி மேடம்" என்றாள். பிறகு குனிந்து லேப்டாப்பைப் பார்த்தாள். அவளுடைய வேலை அது. "ஆனா அட்டெண்டன்ஸ்ல நாலு நாள்தான் லீவுன்னு இருக்கு. மிச்சம் பன்னெண்டு நாள் ஆபீஸ்லதான் இருந்துருக்கீங்க."

வெரோனிகா வாயைத் திறந்தாள். "அண்ணாச்சிதான்..." என்று ஆரம்பித்தாள்.

அண்ணாச்சி அப்போதுதான் டி.வி.யிலிருந்து கண்ணை எடுத்து அவளைப் பார்த்தார். முழுதாக, அப்பாவியாக, மகன் பக்கத்தில் உட்கார்ந்துகொண்டு பார்த்தார்.

"அப்படியாம்மா?" என்றார். "இத்தனை நாள் நிக்கிதா அங்க? எனக்கு யாருமே சொல்லலியே."

சுப்பராமன் தன் பேனாவின் மூடியைக் கழற்றி மறுபடி மாட்டினார். ஆரம்பித்த வாக்கியம் அப்படியே மேஜையில் கிடந்தது. யாரும் அதை எடுக்கவில்லை.

மூன்று மணிக்கு அவள் அண்ணாச்சி ரூமுக்குத் தனியாகப் போனாள். அவர் முருகன் படத்துக்குப் பூ மாற்றிக்கொண்டிருந்தார்.

"இன்னா அண்ணாச்சி இது. நீங்கதானே அமுக்காதன்னீங்க. எம்பேர் போட்டு செவப்பா வட்டம் போட்டு வச்சிருக்காங்க."

"கதவச் சாத்திட்டு வாம்மா." சாத்தினாள். "நான் என்ன செய்ய. பய முன்னாடி போய், ராகு காலம் பாத்தேன், கைராசி பாத்தேன்னு சொல்லச் சொல்லுதியா? போன மாசம்தான் கல்லாப்பெட்டியில கெடந்த எலுமிச்சம்பழத்த எடுத்துத் தூரப் போட்டான். அவனுக்கு இதெல்லாம் சிரிப்பும்மா. கடையவே குடுக்கப் போறேன் அவன் கையில. பைத்தியக்காரன்னு நெனச்சுட்டான்னா?"

"எனக்கு முட்டி போயிடுச்சு அண்ணாச்சி. அந்தச் சேர் இல்லன்னா என்னால முடியாது."

"நான் இருக்கேன்லா."

"சொல்லிடுங்க அண்ணாச்சி. ஒரே வார்த்த. நான்தான் சொன்னேன்னு."

அவர் காய்ந்த பூவைக் காகிதத்தில் மடித்தார். மடித்து முடித்தும் மடித்துக்கொண்டே இருந்தார். "உன் மகளுக்கு இப்ப எந்த ஆஸ்பத்திரி?" என்று கேட்டார்.

அதற்கு மேல் அவள் நிற்கவில்லை. பீஸ் கட்டியவர் மகளைப் பற்றி விசாரித்தால் எதற்கு விசாரிக்கிறார் என்று தெரியாத அளவுக்கு அவள் மக்கு இல்லை.

வீட்டில் லூயிஸ் கேட்டுவிட்டுக் கொதித்தார். "நேரா அந்தப் பையன்கிட்ட சொல்லிட வேண்டியதுதானே. வாய்ல இன்னா கொழுக்கட்டையா?"

"சொன்னா? அவங்கப்பா இல்லன்னு சொன்னார்னா, யார் பேச்ச நம்புவான்?"

"அந்த மேனேஜர் சாட்சி சொல்வாரே."

"அவுரா? ஆர்டர அப்புறமா ஏத்தினது அவுருதான்னு வெளிய வந்துடும். சொல்ல மாட்டாரு."

"அந்த மெஷின்ல இன்டர்காம்ல பேசினது பதிஞ்சிருக்காதா?"

"பில்லுதான் பதியும். பேச்சு பதியாது." அவள் முழங்காலில் தைலம் தேய்த்தாள். "உக்காந்துனு இருந்தேன்னு பதிஞ்சிருக்கு. ஏன் உக்காந்துனு இருந்தேன்னு எங்கயும் இல்ல."

லூயிஸ் தைல பாட்டிலை வாங்கி, மற்ற முழங்காலுக்கு அவரே தேய்த்துவிட்டார்.

மறுநாள் ராம்குமாரே அவளைக் கூப்பிட்டான். கனிவாகத்தான் பேசினான். அந்த ஸ்டெப்பையே எடுத்துவிடுகிறார்களாம். மூன்றும் ஒத்துப்போனால் பில் தானாகவே போய்விடுமாம். சம்பளம் ஒரு ரூபாய் குறையாதாம். கீழே முதல் மாடியில் குக்கர் சர்வீஸ் கவுன்ட்டருக்கு அனுபவமான ஆள் தேவையாம். கேஸ்கட், கைப்பிடி, வெயிட் வால்வு.

"அது நின்னு செய்யற வேல தம்பி. எனக்கு முட்டி..."

"ஒரு ஸ்டூல் போட்டுக்கலாம் மேடம். நான் சொல்லிடறேன்."

அவன் நல்ல பிள்ளைதான். அதுதான் சங்கடம். கத்துவதற்குக்கூட ஒரு கெட்டவன் கிடைக்கவில்லை அவளுக்கு.

புது ஏற்பாட்டை அடுத்த வெள்ளிக்கிழமை பதினோரு மணிக்கு ஆரம்பிப்பதாக இருந்தது. வியாழக்கிழமை சாயங்காலம் அண்ணாச்சிக்குத் திடீரென்று தலை சுற்றியது. வெள்ளிக்கிழமை முழுக்க வீட்டில் படுத்திருந்தார். திங்கட்கிழமை வைத்துக்கொள்ளலாம் என்று சொல்லி அனுப்பினார். காலை ஒன்பதே காலுக்கு மேல் என்றும் சொல்லி அனுப்பினார். ராம்குமாருக்கு ஒன்றும் தோன்றவில்லை. சுப்பராமன் வெரோனிகாவின் பக்கம் குனிந்து, "வெள்ளிக்கிழமை பதினொண்ணுக்கு ராகு காலம். பெரியவருக்குத் தலை சுத்தாம என்ன பண்ணும்?" என்றார். சொல்லிவிட்டுச் சிரித்தார். அவளுக்குச் சிரிப்பு வரவில்லை.

திங்கட்கிழமை அவள் டிராயரைக் காலி செய்துகொண்டிருந்தாள். ஒரு ஜெபமாலை, தைல டப்பா, பழைய செக் புக்கின் அடிக்கட்டை ஒன்று. எல்லாரும் அவளுடைய மேஜையைச் சுற்றி வந்து நின்றார்கள். அந்த மேஜைக் கம்ப்யூட்டரிலிருந்துதான் புது ஏற்பாட்டை முடுக்கிவிட வேண்டுமாம். ஷண்முகப்ரியா எல்லாவற்றையும் தயார் செய்து, கடைசியாக அமுக்க வேண்டிய இடத்தைக் காட்டினாள். ராம்குமார் மவுஸைப் பிடித்தான்.

"இரு, இரு" என்றார் அண்ணாச்சி. "வெரோனிகாம்மா அமுக்கட்டும்."

"ஏம்ப்பா?"

"பழைய ஆளு. இருபது வருஷம் இங்கன உக்காந்த பிள்ள. ஒரு மரியாதைக்குடே."

ராம்குமாரின் முகம் இளகியது. "நல்ல ஐடியாப்பா" என்றான். ஷண்முகப்ரியா கை தட்டினாள், போனை எடுத்துப் போட்டோவுக்குத் தயாரானாள். அண்ணாச்சி வெரோனிகாவைப் பார்க்கவில்லை. சுவர்க் கடிகாரத்தைப் பார்த்துக்கொண்டிருந்தார். ஒன்பது இருபத்திரண்டு.

மரியாதையும் இல்லை, மண்ணும் இல்லை என்று அவளுக்குத் தெரியும். சுப்பராமனுக்கும் தெரியும். அமுக்க மாட்டேன் என்று சொல்லலாம். சொன்னால் போகிற நேரத்தில் திமிர் என்பார்கள். ஏன் என்று கேட்டால் பதில் சொல்ல வேண்டும். பதில் சொல்ல முடிந்திருந்தால் இந்த இடத்துக்கே வந்திருக்காது.

"இப்ப அமுக்கு" என்றார் அண்ணாச்சி, மெதுவாக.

இருபது வருஷப் பழக்கம். அந்தக் குரல் கேட்டதும் விரல் தானாகவே அமுக்கியது. போட்டோவில் அவள் மவுஸில் கை வைத்தபடி, ஏதோ வாசனை பிடிக்கிற மாதிரி மூக்கைச் சுருக்கிக்கொண்டிருக்கிறாள்.

லிஃப்டில் கல்யாணச் சீர் வாங்க வந்த கூட்டம். வெரோனிகா பையை மாட்டிக்கொண்டு, கைப்பிடியைப் பிடித்து ஒவ்வொரு படியாகப் பக்கவாட்டில் இறங்கினாள். சர்வீஸ் கவுன்ட்டரில் ஸ்டூல் இருந்தது. சொன்ன வாக்கு தவறவில்லை. அதன்மேல் கைப்பிடிகள் நிரம்பிய அட்டைப் பெட்டி இருந்தது. அதை இறக்கிவைக்க இடம் இல்லை. இறக்கி வைத்தாலும், கவுன்ட்டரின் உயரத்துக்கு ஸ்டூலில் உட்கார்ந்தால் அவளுடைய தலை மட்டும்தான் வெளியே தெரியும். நின்றாள்.

பன்னிரண்டு மணிவாக்கில் போன் அடித்தது. சுப்பராமன்.

"வெரோனிகா, நாப்பத்தாறு பில்லு ரெண்டே மணி நேரத்துல தானா போயிடுத்து. குக்கர் கம்பெனிக்காரன் போன் பண்ணி தேங்க்ஸ் சொல்றான். பெரியவர் என்ன சொல்லிண்டிருக்கார் தெரியுமோ? உன் கைராசியாம்."

"யார்கிட்ட சொன்னாரு? பையன்கிட்டயா?"

"இல்ல. என்கிட்ட மட்டும். கதவச் சாத்திண்டு."

"சரி சார்" என்று போனை வைத்தாள்.

கவுன்ட்டருக்கு முன்னால் ஒரு அம்மாள் ஐந்து லிட்டர் குக்கர் மூடியைத் தட்டிக்கொண்டு நின்றிருந்தாள். "எம்மா, எவ்ளோ நேரம் நிக்கிறது? ஒரு கேஸ்கட்டுக்கு இத்தனை லேட்டா?"

"இதோ குடுக்கறேன்மா" என்றாள் வெரோனிகா. கேஸ்கட் கடைசி அலமாரியில், கீழ்த்தட்டில் இருந்தது. கவுன்ட்டரின் விளிம்பைப் பிடித்துக்கொண்டு அவள் குனிய ஆரம்பித்தாள்.